காத்திருப்பும் பார்வையாளரும்: தர்மசேன பத்திராஜவின் திரைப்படங்களை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

நட்சத்திர நடிகரின் படத்துக்காகக் காத்திருப்போரை வெறியர் என்றும், கலைப்பட நெறியாளரின் அடுத்த படைப்புக்காகக் காத்திருப்போரைச் சுவைஞர் என்றும் பிரித்துப் பேசுவது நமது விமரிசகரிடையே வழக்காகிவிட்டது. முன்னையது வணிகம் விளைவித்த மயக்கம் எனவும், பின்னையது பண்பட்ட உள்ளத்தின் இயல்பான வேட்கை எனவும் கொள்ளப்படும். ஆனால் வேட்கை எதுவும் தானே முளைப்பதில்லை. ஈழத்துச் சூழலில் இவ்வேட்கை யாரிடத்து, எவ்வாறு தோன்றிற்று, யாரிடத்துத் தோன்றாமற் போயிற்று என்பதைத் தர்மசேன பத்திராஜ (1943–2018) என்னும் நெறியாளரின் படைப்புகளைக் கொண்டு நோக்குவோம்.

கலைப்பொருளின் உற்பத்தி, அதனைச் சுவைக்கவல்ல மக்களின் உற்பத்தியுமாகும் என்னும் கருத்தை மார்க்ஸ் 1857இல் எழுதிய அறிமுகக் குறிப்புகளில் முன்வைத்தார். பலரும் எடுத்தாளும் கருத்து இது. எனினும், பொருள் மக்களைச் சென்றடைந்த பின்னரே இவ்விரண்டாவது உற்பத்தி நிகழக்கூடும் என்பதை எடுத்தாள்வோர் வசதியாக மறந்துவிடுவதுண்டு. தென்னிந்திய வணிகப்படம் இதனை மறக்கவில்லை. எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ கல்முனைப் பகுதிக்கு வந்து சேருமுன்னரே அதன் பாடல்கள் இலங்கை வானொலி வழியாகக் கரையோரக் கிராமங்களிற் புகுந்துவிட்டன. நெல் அடிக்கும் களத்திலும் மீன் வாடியிலும் பாடல் முணுமுணுக்கப்பட்டபோதே படத்துக்கான காத்திருப்பு தொடங்கிவிட்டது. மூலதனம் படத்தோடு அதன் இரசிகனையும் ஒருங்கே தயாரித்தது.

கலைப்படத்துக்கு இவ்வகை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும், படிப்படியாக விநியோகத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. உள்நாட்டுப் படத்துக்கு இதனால் ஓரளவு இடம் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. பத்திராஜவின் ‘அஹஸ் கவ்வ’ (1974) இக்காலத்தின் விளைபொருளே. வேலையற்ற நகர்ப்புற இளைஞரின் வாழ்வைக் காட்டிய அப்படம் சிங்கள இளைஞரிடையே அவருக்கென ஓர் இரசிகர் கூட்டத்தைத் தோற்றுவித்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் தோல்விக்குப் பின்னர் தம் முகத்தைத் திரையிற் காண விரும்பிய தலைமுறையின் கூட்டம் அது.

தமிழரிடையே நிகழ்ந்தது வேறு. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய பத்திராஜ, காவலூர் இராசதுரையின் கதைவசனத்தைக் கொண்டு 1977இல் ‘பொன்மணி’யை உருவாக்கினார். சீதனத்துக்கும் சாதிக்கும் இடையில் நசுங்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் கதை அது. சர்வமங்களம் கைலாசபதி, சித்திரலேகா மௌனகுரு முதலாகப் பல்கலைக்கழகச் சூழலைச் சேர்ந்த சிலர் அதில் தோன்றினர். சிங்கள நெறியாளர் ஒருவர் தமிழ்ச் சமூகத்தின் உள்முரண்பாட்டைத் தமிழிலேயே படமாக்குகிறார் என்பது முற்போக்கு வட்டத்தில் எழுப்பியிருக்கக்கூடிய ஆவலை நாம் எளிதில் ஊகிக்கலாம். படம் திரையரங்கிலே தோற்றது. தென்னிந்தியப் படத்துக்குப் பழகிய கண்களுக்கு இதன் மெதுவான ஓட்டமும் மௌனமும் பிடிபடவில்லை என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். இதில் உண்மை உண்டு. ஆயினும் பழியைப் பார்வையாளன் மேற் போட்டுவிட்டு விமரிசகன் தப்பித்துக்கொள்ளும் தந்திரமும் இதில் உண்டு. காத்திருந்தவர்களுட் பலர் படத்தை உருவாக்கிய வட்டத்துக்கு வெகு அண்மையில் இருந்தவர்கள். தமது ஆவலையே சமூகத்தின் ஆவலென அவர்கள் எண்ணிக்கொண்டனர். நாம் சார்ந்த மரபின் தவறு இது என்பதால் இதனைச் சற்று அழுத்தியே கூறவேண்டியுள்ளது.

மறு ஆண்டு, 1978இல், கடற்றொழிலாளரைப் பற்றிய இரு படங்கள் இந்நாட்டில் வெளிவந்தன. ஒன்று செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய தமிழ்ப்படமான ‘வாடைக்காற்று’. மற்றையது பத்திராஜவின் ‘பம்பரு அவித்’. கற்பிட்டிக் கரையிலுள்ள மீனவக் கிராமமொன்றுக்கு நகரத்து இளைஞர் சிலர் வருகின்றனர், அங்கு ஏற்கெனவே நிலைபெற்றுள்ள வியாபார ஆதிக்கத்தோடு மோதுகின்றனர், கிராமம் சிதைகிறது. வந்தவர்களுள் இடதுசாரிச் சொற்பொழிவாற்றும் ஒருவனும் உளன். மீனவர் அவனைப் பொருட்படுத்துவதில்லை. பத்திராஜ நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. அவரைப் போற்றி எழுதுவோர் இப்பாத்திரத்தை விரைந்து கடந்துவிடுவது தற்செயலன்று.

‘சொல்தாது உன்னெஹே’ 1981இல் வெளிவந்தது. முன்னாட் சிப்பாய், விலைமகள் முதலிய கைவிடப்பட்டோரைச் சுதந்திர தினத்தை ஒட்டிய நாள்களில் நிறுத்திக் காட்டிய படம். அடுத்த முழுநீளப் படமான ‘மத்து யம் தவச’ வருவதற்கு 2001 ஆயிற்று. இடையில் ‘கடுல்ல’ போன்ற தொலைக்காட்சித் தொடர்களை அவர் ஆக்கினார். எனினும் சினிமாவைப் பொறுத்தவரை இருபது ஆண்டுக் காத்திருப்பு அது. 1977இன் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரமும், அதனைத் தொடர்ந்த போரும் இத்தகைய படத்துக்கு முதலிட எவரையும் விட்டுவைக்கவில்லை. இக்காலத்திலே நெறியாளர் என்ற பெயர் படங்களை விடப் பெரிதாக வளர்ந்தது. காண்பதற்குப் படம் இல்லாதபோது காத்திருப்பே வழிபாடாகிறது. நட்சத்திர வழிபாட்டிலிருந்து இது எவ்வகையில் வேறுபட்டது? ஒரு வேறுபாட்டை நாம் ஒப்புக்கொள்வோம்: இவ்வழிபாட்டினால் எவரும் இலாபம் ஈட்டவில்லை. ஆனால் ‘மத்து யம் தவச’ வந்தபோது, போர்க்காலத்து மனிதரைத் தேடி அதனைக் காணச் சென்றோரிலும், ‘சொல்தாது உன்னெஹே’யை மீண்டும் தேடிச் சென்றோர் பலராயிருந்திருப்பர் என்றே நாம் கருதுகிறோம்.

அம்பாறைக் கரையிலே திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் அமைந்த கோமாரி, இக்காத்திருப்பின் வரலாற்றில் எங்கும் இடம்பெறாத ஊர். போரும் இடப்பெயர்வும் கண்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்து அழித்தது. அண்மையில் அங்கு நாம் சிலருடன் அமர்ந்து ‘பம்பரு அவித்’தை ஒரு சிறு திரையிற் பார்த்தோம். சிங்கள உரையாடலை இடையிடையே தமிழிற் சொல்லவேண்டியிருந்தது. பின்னர்ச் சொல்வதை நிறுத்திவிட்டோம், தேவைப்படவில்லை. படத்தின் மெதுவான ஓட்டம் எவருக்கும் இடையூறாகவும் இல்லை. கரைவலை இழுப்பது எத்துணை நேரம் பிடிக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

நமது ஆய்வு நூல்களில் பத்திராஜவின் கமெராக் கோணமும் ஐரோப்பியச் சினிமாவின் செல்வாக்கும் விரிவாகப் பேசப்படுகின்றன. கோமாரியில் எழுந்த கேள்விகள் வேறு. மீனுக்கு விலை சொல்பவன் யார், வள்ளத்துக்கு முற்பணம் கொடுத்தவன் யார், வந்தவன் தோற்றால் பழைய முதலாளி நல்லவனாகிவிடுவானா என்று முதியவர் ஒருவர் கேட்டார். மூன்றாவது கேள்வியை எந்த விமரிசனத்திலும் நாம் கண்டதில்லை. நகரத்திலிருந்து வந்தவர்களைக் குளவிகளாகக் காணும் படத்தலைப்பு, ஏற்கெனவே அங்கு கூடுகட்டியிருந்த குளவியை மறைக்கிறதா என்பதே அவர் கேள்வியின் சாரம். படம் இவ்விடத்தில் தயங்குகிறது என்றே நாமும் இப்பொழுது எண்ணுகிறோம். உள்ளூர் ஆதிக்கத்தை அது காட்டுகிறது. ஆனால் வெளியார் வருகையின் அதிர்ச்சியே மேலோங்குவதால், சுரண்டலின் அன்றாட முகம் பின்னணிக்குத் தள்ளப்படுகிறது. பல ஆண்டுகள் இப்படத்தைக் கற்பித்தும் இது நமக்குத் தென்படவில்லை.

சொற்பொழிவாற்றும் இளைஞன் வந்த காட்சிகளில் அவர்கள் வாய்விட்டுச் சிரித்தனர். நாமும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

கலைந்து செல்லும் வேளையில், பாடசாலையை அண்மையில் முடித்த இளைஞன் ஒருவன் நம்மிடம் வந்தான். “சேர், இந்த மனிசன்ட அடுத்த படம் எப்ப வரும்?” என்று கேட்டான். பத்திராஜ 2018 ஜனவரியில் இறந்துவிட்டார் என்பதை அவனிடம் கூறினோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, அவருடைய பழைய படங்கள் எத்தனை உண்டு, அவற்றைத் தமிழில் விளங்கிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டான். ‘சொல்தாது உன்னெஹே’யைத் தமிழ்த் துணையெழுத்துகளோடு அடுத்த முறை கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டோம். அதற்கான மொழிபெயர்ப்பு வேலை இப்பொழுது பாதியில் நிற்கிறது.