காணாது தந்த பரிசில்

பண்டைத் தகடூரே இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை, ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலாகவே நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவன்மீது புலவர் இருவர்க்கு மனத்தாங்கல் உண்டானதைச் சொல்வதில்லை. பரிசில் தாமதித்தபோது, வாயிற்காவலனை நோக்கி ஒளவை சினந்து பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. நாம் அதனினும் பெரிதாக மதிப்பது 208ஆம் பாட்டை.

மலை பல கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாமலே, ‘இதைக் கொண்டு செல்க’ என்று பொருளை அனுப்பிவிடுகிறான் அஞ்சி. வறுமையில் உழன்ற அப்புலவர் அதனை ஏற்கவில்லை. முகம் காணாது தந்ததைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்கிறார். தகுதியறிந்து பேணித் தருவது தினையளவே ஆயினும் இனிது என்கிறார். இதனைப் புலவரின் செருக்கு என்பாருடன் நாம் உடன்படோம். கொடையில் குறையில்லை, கொடுத்த முறையில்தான் குறை. அறபியில் ‘அதபு’ என்னும் ஒரே சொல் நன்னடத்தைக்கும் இலக்கியத்திற்கும் வழங்குகிறது. அவ்விரு பொருளும் ஒன்றாய் நிற்கும் பாட்டு இது.

ரமலானில் நம்மூர் வீதிகளிலும் காண்கிறோம். வீட்டார் மாடியில் இருக்க, வாயிற்கதவின் இடுக்கு வழியே வேலையாள் ஜகாத் பணத்தை நீட்டுகிறார். வெயிலில் நிற்கும் மூதாட்டியின் ஸலாமுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. நேரமில்லை என்பார்கள், அஞ்சிக்கும் போர்கள் இருந்தன! பெருஞ்சித்திரனார் மறுத்துப் பாடிவிட்டுப் போனார். அந்த மூதாட்டியால் மறுக்கவும் இயலாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.