பெயர் கொடுத்த பெரிய பிராட்டி

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் எஸ்.புதூருக்கு அருகே இருக்கிறது கோனேரிராஜபுரம். தேவாரம் பாடும் திருநல்லம் இதுதான். இங்குள்ள உமாமகேசுவரர் கோயிலின் தென்சுவரில் ஒரு சிறிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சிவலிங்கத்தை ஒருவர் வணங்குகிறார். ஊர்வலமும் போர்க்களமும் இல்லாத எளிய காட்சி. ஆனால் அதற்கான கல்வெட்டைப் படித்த பிறகு எளிதில் நகர முடியாது. தம் மகன் உத்தம சோழன் அரசாளும் காலத்தில், தம் கணவர் கண்டராதித்தர் பெயரால், இந்தக் கற்றளியைச் செம்பியன் மாதேவியார் எடுப்பித்தார். இங்கே இறைவன் திருவடியைத் தொழுகிறவராக அமைக்கப்பட்ட கண்டராதித்தர் இவர்தாம். இதுவே அதன் செய்தி.

இந்த ஏற்பாட்டின் நயத்தைப் பாருங்கள். கண்டராதித்தர் இறந்தது 957-ஐ ஒட்டி. உத்தம சோழன் அரியணை ஏறியது 970-ஐ ஒட்டி. கணவர் போய் ஆண்டுகள் பல கழிந்த பிறகே இந்தக் கோயில் கல்லாகிறது. கண்டராதித்தர் தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவில் பாடியவர், ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற அரசர். அப்படிப்பட்டவரைச் செம்பியன் மாதேவி அரியணையில் அமர்ந்த மன்னராகக் காட்டவில்லை. அடியாராகவே காட்டியிருக்கிறார். வாழ்ந்தபோது அவர் எதை விரும்பினாரோ அதிலேயே, என்றென்றைக்குமாக, கல்லில் அவரை இருத்திவிட்டார். ஒரு மனைவி தன் கணவரை எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே கோயிலில் இன்னொரு பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிராட்டியாரின் ஆணைப்படி கற்றளியைக் கட்டி முடித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்ற அரசரணசேகரனின் பெயர். அவருக்கு இராசகேசரி மூவேந்த வேளான் என்ற பட்டம் கிடைத்ததையும் கல் சொல்கிறது. சோழநாட்டில் எழுந்த கோயில்கள் எத்தனை எத்தனை! அவற்றை முன்னின்று கட்டியவர்களின் பெயர் தெரிந்த இடங்கள் மிகக் குறைவு. எடுப்பித்தவர் பெயருக்குப் பக்கத்தில் கட்டியவர் பெயரும் நிற்க இங்கே இடம் கிடைத்திருக்கிறது.

செம்பியன் மாதேவியைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாக நம்மில் பலர் அறிவோம். மழவரையர் குடியில் பிறந்து சோழர் குடிக்கு மருமகளாக வந்தவர். முதற் பராந்தகன் ஆட்சியில், 941-ல், கோயிலுக்கு அவர் விளக்கு வைத்த செய்தி தொடங்கி, இராசராசன் ஆட்சியில் 1001 வரை அவரைப் பற்றிய கல்வெட்டுகள் தொடர்கின்றன. அறுபது ஆண்டுகள், ஆறு அரசர்கள். இராசராசனுக்கும் குந்தவைக்கும் பாட்டனாரின் அண்ணன் மனைவி. இளம் வயதில் கைம்பெண்ணாகி, அரசுரிமை கணவரின் தம்பி வழிக்குப் போய், பிறகு மகனிடம் திரும்பி வந்ததையெல்லாம் கண்டவர். அரண்மனையில் என்ன நடந்தாலும் அவர் திருப்பணி நிற்கவில்லை.

அந்தத் திருப்பணியின் நுட்பம் ஒரு விளக்கிலேயே தெரியும். அக்காலத்தில் நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, என்றால் எண்ணெய்க்குப் பணம் கட்டிவிட்டுப் போவது அல்ல. தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஓர் இடையர் அவற்றை மேய்த்து நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். ஆடு பெருகும், குறைந்தது நிரம்பும், மந்தை என்றும் அதே கணக்கில் நிற்கும். அதனாலேயே அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பு, சந்நிதிக்கு ஒளி, இரண்டும் ஒரே கொடையில். இந்த வழக்கத்துக்குள்தான் பிராட்டியார் வளர்ந்தார். பக்தி என்பது பலரையும் சேர்த்து வாழவைக்கும் ஏற்பாடு என்பதை அவருடைய திருப்பணிகள் அனைத்திலும் காணலாம்.

தேவார மூவர் பாடிய செங்கல் தளிகள் பலவற்றை அவர் கற்றளிகளாக்கினார். திருமுதுகுன்றம், தென்குரங்காடுதுறை, திருவாரூர் அரநெறி என்று பட்டியல் நீளும். சுவர்களில் கோட்டங்களின் எண்ணிக்கை கூடியது. அர்த்த மண்டபத்தின் தென்சுவரில் ஆடவல்லானுக்கு நிலையான இடம் கிடைத்தது. கணவர் பாடிய கூத்தன் மனைவியின் கோயில்களில் சுவர்தோறும் ஆடுகிறான்.

இவற்றையெல்லாம் விட என்னை வியக்கவைப்பது திருக்கோடிகாவல். அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கல்லில் எடுக்கும்போது, பல்லவர், பாண்டியர் காலத்துக் கொடைகள் பொறித்த பழங்கற்கள் கிடந்தன. வேற்று அரசர் ஆட்சியில், யாரோ வைத்த விளக்குகள், யாரோ கொடுத்த நிலங்கள். அவற்றைத் தள்ளிவிடலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிராட்டியாரின் திருப்பணியில் அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. மூலம் இது அல்ல, படி என்று நேர்மையாகச் சொல்லும் அந்தக் குறிப்பில் ஒரு சுவடிக் காப்பாளரின் மனசாட்சி இருக்கிறது. முன்னோர் அறத்தை அழித்துத் தன் அறத்தை எழுதக் கூடாது என்ற எண்ணம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணியின் மேற்பார்வையில் கல்லில் நிலைத்தது.

பிறர் பெயரைக் காத்தவரின் பெயரைப் பிறர் காத்தார்கள். நாகப்பட்டினம் பகுதியில் அவர் பெயரால் ஓர் ஊரே இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டையைக் கொண்டாட உத்தம சோழனின் தேவியர் அறக்கட்டளை வைத்தார்கள். மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்கள் வைத்த கட்டளை! பின்னர் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிலில் அவருடைய திருமேனியும் வைக்கப்பட்டது. ஊரார் இன்றும் அந்தக் கேட்டையைக் கொண்டாடுகிறார்கள்.

வாஷிங்டனின் ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் ஒரு மீட்டர் உயரத்தைச் சற்றே தாண்டிய செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. நீண்ட கைகள், சரிந்த தோள், ஒசிந்த இடை, மலர் பிடிக்க மடங்கிய வலக்கை, பாரமின்றித் தொங்கும் இடக்கை. பார்வதியாக வடித்த செம்பியன் மாதேவி இவரே என்று வித்யா தெஹேஜியா போன்ற ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கணவருக்கும் கட்டியவருக்கும் பெயர் பொறித்தவரின் உருவம் என்று கருதப்படும் அந்தச் செம்பில் பெயர் இல்லை.

நம் காலத்துத் திருப்பணிகளில் மணல் வீச்சில் தேய்ந்த எழுத்துகள் எத்தனை! பெயின்டுக்கும் கிரானைட்டுக்கும் பின்னால் மறைந்தவை எத்தனை! உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், சுவரில் கை வைக்கும் முன் கல்வெட்டு அறிந்த ஒருவரை அழைத்து வந்து படிக்கச் சொல்லுங்கள், படி எடுத்து வையுங்கள். பெரிய பிராட்டி காட்டிய முறை அதுதான்.