மணவறை யாருடையது?

ஆன்மா மணப்பெண், கிறிஸ்து மணமகன். கிறிஸ்தவ மறைஞானத்தில் திரும்பத் திரும்ப வரும் உருவகம் இது. 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்ட் உன்னதப்பாட்டை வைத்து 86 பிரசங்கங்கள் எழுதினார். அதிலும் மையம் இதுதான்.

"இதெல்லாம் நாஸ்டிக்குகளிடம் இருந்து சுட்டது" என்று ஒரு வாதம் உண்டு. நானும் நம்பினேன். இங்கேயே ஒரு பழைய பதிவில் அம்புக்குறி போட்டு படமும் வரைந்திருக்கிறேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வாதத்துக்குக் காட்டப்படும் ஆதாரம் பிலிப்பு நற்செய்தி. 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த சுவடிகளில் ஒன்று. அதில் 'மணவறை' மீட்பின் பெரிய அடையாளமாக வருகிறது. சரி. ஆனால் கடவுளைக் கணவனாகக் காட்டுவது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஓசியாவில் இருக்கிறது. கிறிஸ்துவும் சபையும் கணவன் மனைவி என்பது எபேசியர் நிருபத்தில் இருக்கிறது. ரெண்டு புரோகிராமில் ஒரே வரிகள் இருந்தால் ஒன்று இன்னொன்றைக் காப்பியடித்தது என்று அர்த்தமில்லை. ரெண்டும் ஒரே லைப்ரரியை எடுத்திருக்கலாம்.

அப்படியென்றால் தாக்கமே இல்லையா? இருக்கு. ஆனா வேற இடத்துல.

2-ஆம் நூற்றாண்டில் ஹெராக்ளியோன் என்பவர் யோவான் நற்செய்திக்கு உரை எழுதினார். வாலன்டினஸ் என்ற நாஸ்டிக் ஆசிரியரின் வழியில் வந்தவர். அந்த உரை நமக்குப் பெரும்பாலும் ஓரிகன் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய துண்டுகளாகத்தான் கிடைக்கிறது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு "புருஷனை அழைத்து வா" என்கிறாரே, அந்தப் புருஷன் விண்ணுலக முழுமையில் இருக்கும் அவளுடைய துணை என்கிறார் ஹெராக்ளியோன். இல்லை, அது ஆன்மாவை ஆளும் சட்டம் என்கிறார் ஓரிகன். விடைதான் வேறு. அந்தப் புருஷனை நேர்ப்பொருளில் ரெண்டு பேருமே எடுக்கவில்லை.

இன்னொன்று. ஓரிகனை எழுதச் சொல்லி நச்சரித்து, சுருக்கெழுத்தாளர்களுக்குச் செலவும் செய்தவர் அம்புரோஸ். அவரே முன்பு வாலன்டினஸ் பக்கம் இருந்து மாறி வந்தவர். உன்னதப்பாட்டின் மணப்பெண் தனி ஆன்மாவும்தான் என்று பிறகு விரித்து எழுதியதும் இதே ஓரிகன். பெர்னார்ட் வரை போகிற பாதை அது.

உருவகம் எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதை ஒவ்வொரு வரியாகப் பதில் சொல்லி விளக்கியாக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியதில் நாஸ்டிக்குகளுக்குப் பங்கு உண்டு. 'திருட்டு' என்று முடித்துவிட்டால் ஹெராக்ளியோன் வெறும் பறிகொடுத்தவர் ஆகிவிடுகிறார். அவர் ஓரிகனே உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருந்த வாசகர்.

பழைய படத்தில் அந்த அம்புக்குறியை அழித்துவிட்டேன்.