நள்ளிரவின் குரல்கள்: கோஸ்ட் டு கோஸ்ட் ஏ.எம்.

கோஸ்ட் டு கோஸ்ட் ஏ.எம். அமெரிக்காவில் இரவு முழுவதும் ஒலிபரப்பாகும் உரையாடல் வானொலி நிகழ்ச்சி. பறக்கும் தட்டுகள், ஆவிகள், அரசின் ரகசியத் திட்டங்கள் ஆகியவை இதன் பேசுபொருட்கள். இதைப் புகழ்பெறச் செய்தவர் ஆர்ட் பெல் (1945–2018). நெவாடா பாலைவனத்தில் பாரம்ப் என்னும் ஊரிலிருந்த தன் வீட்டிலிருந்தே நிகழ்ச்சியை நடத்தினார். 2003 முதல் ஜார்ஜ் நூரி முதன்மைத் தொகுப்பாளர்.

அமைப்பு

பெல் நேயர்களின் அழைப்புகளை முன்கூட்டியே வடிகட்டுவதில்லை. அடுத்துப் பேசப்போவது யார் என்பது நேயர்களைப் போலவே அவருக்கும் தெரியாது. மத்திய அலை ஒலிபரப்பு இரவில் அயனி மண்டலத்தில் எதிரொலித்து நெடுந்தொலைவு செல்லும். லாரி ஓட்டுநர்களும் இரவுப் பணியாளர்களும் தனிமையில் இதைக் கேட்டனர்.

ஈர்ப்பு

1997 செப்டம்பர் 11 அன்று ஒருவர் அழைத்து, 'ஏரியா 51' ராணுவத் தளத்தில் வேலைசெய்தவன் என்று சொல்லி அழுகையும் பதற்றமுமாகப் பேசினார். நடுவே செயற்கைக்கோள் இணைப்பு அறுந்து ஒலிபரப்பு நின்றது. அடுத்த ஆண்டு ஒருவர் அழைத்து, அது தன் நடிப்பே என்றார். ஆனால் இன்றும் அந்த ஒலிப்பதிவு கேட்கப்படுகிறது. நேயரைக் கவர்ந்தது செய்தியின் உண்மை அல்ல, நடுங்கும் குரலும் அதன்பின் வந்த மௌனமும்தான். பெல் குறுக்கிட்டு மறுக்காமல், கேலி செய்யாமல் கேட்டார். நம்பாதவர்களும் 'இருக்கலாமோ' என்ற நிலையில் விடியும்வரை இருக்க முடிந்தது.

மதிப்பீடு

அந்தப் பொறுமையே நிகழ்ச்சியின் குறையும் ஆகும். ஹேல்-பாப் வால்மீனைப் பெரும்பொருள் ஒன்று பின்தொடர்கிறது என்ற கூற்று 1996 நவம்பரில் இதில் ஒலித்தது. அதற்குச் சான்றாக அனுப்பப்பட்ட படத்தை 1997 ஜனவரியில் பெல் தன் இணையதளத்தில் வெளியிட்டார். அது தங்கள் படத்தைத் திருத்திச் செய்த போலி என ஹவாய் பல்கலைக்கழக வானியலாளர்கள் காட்டினர். மார்ச் மாதம் ஹெவன்ஸ் கேட் குழுவினர் 39 பேர், வால்மீனுடன் வரும் விண்கலத்தில் ஏறுவதாக நம்பி உயிரை மாய்த்துக்கொண்டனர்.

அக்குழுவின் நம்பிக்கைகள் பல ஆண்டுகள் பழையவை. துணைப்பொருள் இருக்கிறதா என்பது தங்களுக்கு முக்கியமல்ல என்றே அவர்கள் எழுதியிருந்தனர். ஆகவே பழியை வானொலிமேல் மட்டும் சுமத்துவது சரியல்ல. போலியை வெளிக்கொணரப் படத்தைப் பொதுவில் வைத்தவரும் பெல்தான். ஆனால் வதந்தி ஓர் இரவு முழுக்க மனிதக் குரலில் பேசியது, மறுப்பு பகல் வெளிச்சத்தில் அறிக்கையாக வந்தது. இருளில் தனித்துக் கேட்பவரிடம் இவ்விரண்டும் ஒரே எடை பெறுவதில்லை. எல்லோரையும் பேசவிடும் ஊடகம் எவரைச் சோதிக்க வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி விட்டுச்சென்ற கேள்வி.