காட்சியும் தேர்வும்: மோனேயின் ரூவான் தேவாலய ஓவியங்களை முன்வைத்து

நேரில் கண்டு வரைதல் என்பது கண்முன் உள்ளதை உள்ளவாறே பதிவுசெய்தல் எனப் பொதுவாகப் பொருள்கொள்ளப்படுகிறது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேயின் ரூவான் தேவாலய வரிசை இவ்விளக்கத்தின் போதாமையை உணர்த்துகிறது.

1892, 1893 ஆகிய ஆண்டுகளின் தொடக்க மாதங்களில் மோனே ரூவான் நகரில் தங்கி, தேவாலயத்திற்கு எதிரேயிருந்த அறைகளிலிருந்து அதன் மேற்கு முகப்பை வரைந்தார். ஒரே வேளையில் பல கித்தான்களை வைத்துக்கொண்டு, ஒளி மாறுந்தோறும் ஒன்றை விடுத்து மற்றொன்றை எடுத்தார். இவ்வரிசையில் 30-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன.

அம்முகப்பு நுண்சிற்பங்கள் செறிந்த கோதிக் பாணிப் படைப்பு. விவரங்களை நாடும் ஓவியர்க்கு அதன் ஒரு வாயிலே வாழ்நாள் பணியாகும். மோனேயோ சிற்பங்களை வண்ணத் தீற்றல்களில் கரையவிடுகிறார். உருவம் இருக்குமிடம் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. பல ஓவியங்களில் கோபுரத்தின் மேற்பகுதி கித்தானின் விளிம்பில் வெட்டுண்டு நிற்கிறது. வானத்திற்கும் முன்றிலுக்கும் சிறிதளவே இடம். கட்டடத்தின் உயரத்தையும் சூழலையும் உணர்த்தக்கூடியவை இவ்வாறு குறைக்கப்பட, கல்லின் பரப்பும் அதன்மேல் படியும் ஒளியுமே பார்வைக்கு முதன்மையாகின்றன. முதற்பொருளை நிலம், பொழுது எனப் பகுத்துப் பயின்ற நமக்கு இது எளிதில் விளங்கும்: நிலம் மாறாதிருப்பதால் பொழுது புலப்படுகிறது. (இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுதல் தகாது, திணைக் கோட்பாட்டின் உரிப்பொருளுக்கு இங்கு இணையில்லை.)

எனினும், மோனே ஒளியைக் கண்டவாறே பதிந்தார் என்று கூறி அமைவதும் பொருந்தாது. ரூவானில் தொடங்கிய ஓவியங்களை அவர் கிவெர்னியிலிருந்த தம் பணிக்கூடத்தில் திருத்தி நிறைவுசெய்தார்; பெரும்பாலானவற்றில் 1894 என்றே ஆண்டு பொறித்தார். அங்கு அவர் முன் தேவாலயம் இல்லை, பிற கித்தான்களே இருந்தன. ஆகவே, காலை ஓவியம் ஒன்றின் நீலத்தை முடிவுசெய்ததில் மாலை ஓவியம் ஒன்றின் செம்மஞ்சளுக்கும் பங்கிருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. எதை முதன்மைப்படுத்துவது என்னும் தேர்வு, காட்சியிடத்தை விட்டு நீங்கிய பின்னரும் தொடர்ந்திருக்கிறது. இதனை நேர்காட்சிக்கு நேர்ந்த குறையாகக் கொள்வதினும், அதன் இரண்டாம் கட்டமாகக் கொள்வதே ஓவியங்களுக்கு நெருக்கமான வாசிப்பாகும்.

1895-இல் பாரிசில் துராண்-ருயேல் காட்சிக்கூடத்தில் இவற்றுள் 20 ஓவியங்கள் ஒருங்கே வைக்கப்பட்டன. பின்னர் அவை பல நாடுகளுக்கும் பிரிந்து சென்றன. தனித்து நிற்கும் ஓர் ஓவியத்தில் மோனே விலக்கியவை மட்டுமே தெளிவாகத் தெரியும். அவர் தேர்ந்ததை அறிய அதன் அருகே மற்றொன்றேனும் வேண்டும். பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள ஐந்து ஓவியங்கள் அவ்வாய்ப்பை இன்றும் அளிக்கின்றன.