பூட்டிய ஆலயமும் திறக்காத கல்லறையும்

ஆலயம் பூட்டியிருக்க, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் முழந்தாளிட்டுத் திருப்பலி காண்பது இலங்கைக் கத்தோலிக்கருக்கு 2020இல் புதிதல்ல. ஓராண்டுக்கு முன்பே அதைப் பழகிவிட்டார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு நாடெங்கும் ஆலயங்களில் பொதுத் திருப்பலி நிறுத்தப்பட்டது. கர்தினால் மெல்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய பலியை மக்கள் வீட்டிலிருந்தே கண்டார்கள். ஆலயங்கள் திறந்தபோது வாசலில் இராணுவம் நின்றது, பைகள் சோதனையிடப்பட்டன. அந்தக் காயம் ஆறுவதற்குள் கொவிட் வந்தது. 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு தொடங்கியது.

இந்தியத் திருச்சபைகளுக்கு அத்தகைய முன்னனுபவம் எதுவும் இல்லை. மார்ச் 25 அன்று நாடு முடங்கியபோது தவக்காலம் பாதிக்கு மேல் முடிந்திருந்த நேரம். குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்ப்பு எல்லாம் இரண்டரை வாரத்துக்குள் வரவிருந்தன. உயிர்ப்பு விழாவின் நாளைத் தள்ளிவைக்க இயலாது என்று ரோமிலிருந்து அறிவிப்பு வந்தது. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு அந்த ஆண்டு கிடையாது. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்வது திருச்சடங்கை நடத்தும் குருவோடு நின்றுவிட வேண்டும். இந்த விதிகள் இரு நாட்டுக்கும் ஒன்றே. வெறும் இருக்கைகளைப் பார்த்துக் குருவானவர் மறையுரை ஆற்ற, ஒரு கைபேசியோ ஒளிப்படக் கருவியோ மக்களின் இடத்தில் நின்றது.

மக்கள் தொகை விகிதத்திலும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6 சதவீதத்துக்குச் சற்றே மேல்; 2012 கணக்கெடுப்பில் இலங்கையில் 7 சதவீதத்துக்கும் சற்றுக் கூடுதல். தென்னிந்தியத் திருச்சபைக்கு யாழ்ப்பாணத்திலேயே ஓர் ஆதீனம் உண்டு. ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே ராகம் என்று சொல்லத்தக்க நெருக்கம். அதனால்தான் அடுத்து வந்த இரண்டாண்டுகளில் எங்கே ஒன்றுபட்டார்கள், எங்கே பிரிந்தார்கள் என்பது கூர்ந்து பார்க்கத் தக்கது.

திரைக்கு மாறுவதில் பெரிய வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் மாதா தொலைக்காட்சி ஏற்கெனவே இருந்தது. சிற்றூர்ப் பங்குகள் யூடியூபுக்கும் முகநூலுக்கும் போயின. வாலிபர் கூட்டமும் ஞாயிறு பள்ளியும் ஜூமில் நடந்தன. காணிக்கைத் தட்டு இருந்த இடத்துக்குக் கூகுள் பே எண் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு கூடுதல் பழக்கம் இருந்தது. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, ஊரில் நடக்கும் இறுதிச் சடங்கை நேரலையில் அனுப்புவதைக் கொள்ளைநோய்க்கு முன்பே செய்துவந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். கடல் கடந்த உறவுக்கென்று ஏற்பட்ட ஏற்பாடு, அடுத்த தெருவில் இருந்த உறவுக்கும் தேவைப்பட்டது.

இந்த மாற்றத்தில் பெரிதும் அடிபட்டவை வாடகைக் கட்டடத்தில் நடக்கும் சிறு சபைகள். ஞாயிற்றுக் காணிக்கையே போதகரின் மாதச் சோறு என்று இருக்கும் இடத்தில், கூட்டமும் இல்லை, விசுவாசிகளின் கையில் கூலியும் இல்லை என்றானபோது அடுப்பு எரிவதே பாடாயிற்று. இதைப் பற்றி இரு நாட்டிலும் அதிகம் பேசப்படவில்லை, பேசியிருக்க வேண்டும்.

நற்கருணையில்தான் முதல் முடிச்சு விழுந்தது. பாட்டையும் செபத்தையும் மறையுரையையும் திரை கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்பத்தை எப்படிச் சேர்க்கும்? கத்தோலிக்கர், நற்கருணையை மனத்தளவில் பெற்றுக்கொள்ளும் பழைய செபத்தைத் தேடி எடுத்தார்கள். தலைமுறையாக நாவில் வாங்கிய முதியவர்கள் ஆலயம் திறந்த பிறகு கையில் வாங்கப் பழகினார்கள். சீர்திருத்தச் சபைகளில் கேள்வி வேறு: வீட்டு மேசையில் ரொட்டியும் திராட்சைச் சாறும் வைத்துக்கொண்டு, திரையில் ஆயர் சொல்லும் வார்த்தையோடு பங்கெடுத்தால் அது திருவிருந்து ஆகுமா? பெந்தெகொஸ்தே சபைகள் பல ஆகும் என்றன. ஒரே கிண்ணத்தில் எல்லாரும் அருந்தும் மரபுள்ள சபைகளுக்கு அந்தக் கிண்ணமே அச்சமாகிவிட்டது. தனித்தனிச் சிறு கிண்ணங்கள் புழக்கத்துக்கு வந்தன.

திறப்பதும் மூடுவதும் யார் கையில் இருந்தன என்பதில் இந்தியா ஒரே முகமாக இல்லை. 2020 ஜூன் 8 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்றது மைய அரசு. கேரளத்தில் அரசு அனுமதித்தும் பல மறைமாவட்டங்கள் தாமாகவே கதவைத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பெரிய ஆலயங்கள் செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் மூடியது. எல்லா மதத்துக்கும் ஒரே விதி. ஆனால் வாரத்தில் ஒருநாள் கூடுவதையே அச்சாணியாகக் கொண்ட கிறிஸ்தவர்களுக்கு அது விழுந்த இடம் வேறு. அக்டோபர் நடுவில் தடை நீங்கும்வரை ஞாயிற்றுக்கிழமை பூட்டும், வார நாளில் வழிபாடுமாக ஆலயங்கள் ஓடின. ஞாயிறு தவிர மற்ற நாள் வேலைக்குப் போகும் மக்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்ட பங்குத்தந்தையர் நியாயமாகவே கேட்டார்கள்.

இலங்கையில் முடிவு மையத்தில் எடுக்கப்பட்டது. வடக்கில் அதோடு பழியும் சேர்ந்தது. 2020 மார்ச் 15 அன்று யாழ்ப்பாணம் அரியாலையில் ஒரு சபையின் ஆராதனைக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து போதகர் ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் தொற்று இருந்தது பின்னர் தெரிந்தது. சில நாளில் மாவட்டத்தின் முதல் தொற்றாளர் கண்டறியப்பட்டார். ஆராதனைக்கு வந்தவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். நோய் அங்கே பரவியது உண்மை. அந்த ஒன்றை வைத்து வடக்கின் சிறு சபைகள் எல்லாமே நோயைக் கொண்டுவந்தவை என்ற பேச்சு எழுந்தது கொடுமை. அதே மாதம் தில்லி நிசாமுதீனில் நடந்த முஸ்லிம் மதக் கூட்டத்தைக் காட்டி இந்திய முஸ்லிம்கள் அனைவர் மேலும் பழி போடப்பட்டது. சிறுபான்மையினர் மேல் பழி எவ்வளவு விரைவாக ஒட்டுகிறது என்பதை இரண்டும் காட்டின.

திருவிழாக்கள் கூட்டம் இன்றி நடந்தன. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை, நடந்தே வரும் காவி உடை பக்தர்களால் சாலைகள் நிரம்பிய காலம் மாறி, 2020இலும் 2021இலும் வெளியூர் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. தூத்துக்குடி பனிமய மாதா விழாவும் அப்படியே. இரு நாட்டு மக்களும் சேர்ந்து கூடும் ஒரே பெருவிழா கச்சதீவு அந்தோனியார் விழா. நெடுந்தீவுப் பங்கும் இராமேசுவரம் வேர்க்கோடு பங்கும் சேர்ந்து ஒழுங்கு செய்ய, இரு பக்கத்து மீனவக் குடும்பங்களும் ஓர் இரவைத் தீவில் ஒன்றாகக் கழிக்கும் வழக்கம் அது. 2020 மார்ச் முதல் வாரத்தில் எப்போதும்போல் நடந்தது. 2021இல் தமிழ்நாட்டுப் படகுகள் போகவில்லை. 2022இல் விரல்விட்டு எண்ணத்தக்க கூட்டம். 2023 மார்ச்சில்தான் மீண்டும் ஆயிரக்கணக்கில் கூடினார்கள்.

திருவிழாவை அடுத்த ஆண்டு கொண்டாடிக்கொள்ளலாம். இறந்தவரை அப்படிக் காத்திருக்க வைக்க முடியாது. இரு நாடுகளும் உண்மையில் பிரிந்தது இங்கேதான்.

இந்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் நடுவிலேயே உடல்களைக் கையாளும் விதிகளை வெளியிட்டது. புதைக்கலாம், எரிக்கலாம். உடலைத் தழுவக்கூடாது, முத்தமிடக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது. தொடாமல் செய்யும் சடங்குகளுக்கு, அதாவது வேத வாசிப்புக்கும் புனித நீர் தெளிப்பதற்கும், தடை இல்லை. மார்ச் 30 அன்று மும்பை மாநகராட்சி எல்லா உடல்களையும் எரித்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றது.

விதி தாராளமாக இருந்தது, தெரு அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில் தொற்றால் இறந்த கிறிஸ்தவ நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். புதைத்தால் நோய் பரவும் என்று கூட்டம் கூடி மறித்தது. வண்டியை வேலங்காட்டு மயானத்துக்குத் திருப்பினார்கள். அங்கும் கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்களின் மண்டை உடைந்தது, மனைவியும் மகனும் அடக்கத்தைக் காணாமலே அங்கிருந்து தப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் சக மருத்துவர் ஒருவர் போலீஸ் காவலோடு திரும்பி வந்து, மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். பெட்டி மூடும் நேரத்துப் பாட்டு இல்லை, பிள்ளை போட வேண்டிய முதல் பிடி மண் இல்லை. சில நாளில் தமிழ்நாடு அரசு, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் வந்த மாதங்களில் உறவினரே நெருங்க அஞ்சிய கிறிஸ்தவ உடல்களைத் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் முழுக் கவச உடையோடு குழியில் இறக்கியதைத் தமிழ்நாட்டுச் சபைகள் மறக்கக்கூடாது.

கேரளத்தின் ஆலப்புழை கடலோரப் பகுதி. சில அடி தோண்டினாலே நீர் ஊறும் மணல்பூமி. அரசு விதிக்கும் ஆழத்துக்குக் குழி வெட்டினால் பெட்டி தண்ணீரில்தான் இறங்கும். 2020 ஜூலையில் ஆலப்புழை இலத்தீன் மறைமாவட்ட ஆயர் ஜேம்ஸ் ரபேல் ஆனாப்பறம்பில், தொற்றால் இறந்தவர்களை எரிக்கலாம், சாம்பலை ஆலயக் கல்லறையிலேயே அடக்கலாம் என்று முடிவெடுத்தார். ஜூலை 28 அன்று மாராரிக்குளம் புனித அகுஸ்தீனார் ஆலயக் கல்லறைத் தோட்டத்திலேயே சிதை மூட்டப்பட்டது. நூற்றாண்டுகளாகப் புதைத்து மட்டுமே பழகிய மீனவ மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். எரிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதலே விலக்கவில்லை; சாம்பலைத் தூவாமல் புனித இடத்தில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆயர் கேட்டார், மக்கள் இசைந்தார்கள், சாம்பல் தங்கள் ஆலயத்து மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

இலங்கையிலும் பேச்சு நிலத்தடி நீரைப் பற்றியதுதான். புதைத்தால் கிருமி நீரில் கலக்கும் என்று சொல்லி, 2020 மார்ச் இறுதியில் எரிப்பு ஒன்றே வழி என்றாக்கினார்கள். ஏப்ரலில் வர்த்தமானியில் அது சட்டமாயிற்று. இரண்டு முறைக்கும் இடம் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் பயனில்லை. முஸ்லிம்களுக்கு அது மார்க்கக் கட்டளையை மிதித்த செயல். கிறிஸ்தவர்களுக்குக் கட்டளை மீறல் இல்லை என்றாலும், கல்லறையில் சிலுவை நட்டு, கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று மெழுகுதிரி ஏற்றும் மரபு பறிபோயிற்று. இரு சமூகத்தாரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் 1 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. எரியூட்டலை ஆலப்புழையில் ஏற்ற அதே மதத்தார் கொழும்பில் ஏன் நொந்தார்கள் என்று கேட்பவர்கள், கேட்டுச் செய்வதற்கும் பறித்துச் செய்வதற்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும்.

2021 பிப்ரவரி இறுதியில் தடை தளர்ந்தது. புதைக்க அரசு முதலில் காட்டிய இடம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு. அங்கு வாழ்பவர்கள் தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள். 1992இல் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டு போராடி, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் தீவுக்குத் திரும்பியவர்கள். அவர்கள் குருக்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். அடக்கம் செய்யும் உரிமையை அவர்கள் மறுக்கவில்லை. இறந்தவர்களை அவரவர் ஊர் மையவாடியில் வைக்காமல் தொலைதூரத் தீவுக்கு அனுப்புவானேன் என்று கேட்டார்கள். முஸ்லிம் தலைவர்களும் அதையே கேட்டார்கள். அரசு பின்வாங்கி, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மஜ்மா நகரைத் தெரிவு செய்தது. மார்ச் 5 முதல் அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள்; அவர்களிடையே கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். சொந்த ஊரில் அடக்கலாம் என்ற அனுமதி 2022 மார்ச்சில்தான் வந்தது.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. பாதுகாப்பான அடக்கத்தால் நீரில் கிருமி சேர்வதில்லை என்ற ஆய்வுகளை அந்த முடிவே சுட்டிக்காட்டியது.