முன்வார்ப்புக் கட்டுமானத்தில் ரோபோவும் எண்ணிம மாதிரியும்: இணைப்புகளை முன்வைத்து ஒரு விமர்சனம்

சுவர், தளம், படிக்கட்டு போன்ற பகுதிகளை ஆலையில் வார்த்து, கட்டுமிடத்துக்குக் கொண்டுவந்து பொருத்துவது முன்வார்ப்புக் கட்டுமானம் எனப்படும். நம் ஊர்களில் மனையைச் சுற்றி நிறுத்தும் 'ரெடிமேட் காம்பவுண்ட்' சுவர் இதன் எளிய வடிவம். தூணின் பள்ளத்தில் பலகையைச் செருகினால் வேலை முடிந்தது. அடுக்குமாடியில் அப்படிச் செருகிவிட்டுப் போக முடியாது. மேல் சுவரின் சுமை கீழ்ச் சுவருக்கு இறங்குவது இணைப்பின் வழியாகத்தான்.

பிம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் எண்ணிமக் கட்டட மாதிரியில் ஒவ்வொரு பலகைக்கும் தனி எண், அளவு, எடை, கம்பி, மின்குழாய் எல்லாம் பதிவாகியிருக்கும். மின்குழாயும் உத்தரமும் ஒரே இடத்தில் மோதினால், கான்கிரீட் ஊற்றும் முன்பே திரையில் தெரிந்துவிடும். இந்தத் தரவை வைத்து ஆலை ரோபோ, இரும்பு மேசைமேல் அச்சுச் சட்டங்களைக் காந்தத்தால் பொருத்துகிறது. இன்னோர் இயந்திரம் கம்பி வலையைப் பற்றவைக்கிறது. பலகை சொன்ன அளவில் வருகிறது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இவை வந்துவிட்டால் பிழைக்கே இடமில்லை என்று பேசுவதை ஏற்க முடியவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் காட்டுவதெல்லாம் ஆலையைத்தான்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் கட்டப்பட்ட ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். முன்வார்ப்புப் பலகைகளால் ஆனது. மக்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 அதிகாலையில், 18ஆம் மாடியில் அடுப்பைப் பற்றவைத்தபோது எரிவாயு வெடித்தது. சுமை தாங்கும் வெளிச்சுவர் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. மேல் மாடிகள் சரிந்து, அந்த எடையில் கீழ் மாடிகளும் நொறுங்கி, கட்டடத்தின் ஒரு மூலை முழுதும் தரைக்கு வந்தது. நால்வர் இறந்தனர். ஒரு சுவர் போனால் சுமையை வேறு வழியில் கடத்த ஏற்பாடு இல்லாததே முக்கியக் குறை என்று விசாரணையில் தெரிந்தது. பிரிட்டனின் கட்டட விதிகள் மாறின. இன்றைய கணினி ஆய்வில் ஒரு சுவரை நீக்கிப் பார்த்து இந்தக் குறையை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அந்தப் பெருமை மென்பொருளுக்கு உரியதே.

இரண்டாவது குறை 1986இல் கட்டடத்தைப் பலகை பலகையாகப் பிரித்தபோது வெளிப்பட்டது. கலவை திணித்திருக்க வேண்டிய இணைப்புகளில் வெற்றிடமும் குப்பையும் பழைய செய்தித்தாளும் இருந்தன. வரைபடத்தில் அந்த இணைப்புகள் சரியாகவே இருந்திருக்கும். பிம் மாதிரியிலும் அப்படித்தான் இருக்கும். மாதிரி சொல்வது எப்படிக் கட்ட வேண்டும் என்பதை. எப்படிக் கட்டினார்கள் என்பது, யாராவது போய்ப் பார்த்துப் பதிந்தால்தான் அதில் ஏறும்.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூரில் 2019இல் முடிந்த கிளெமன்ட் கேனபி, 40 மாடிக் கோபுரங்கள் இரண்டு. மலேசியாவின் செனாயில் வார்த்த பெட்டிகள் உட்பட 1,866 அறைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டியது. வியக்கத்தக்க வேலைதான். ஆனால் அருகருகே நிற்கும் இரு பெட்டிகளின் சுவர்களை ஒரே சுவராக்குவது இடையில் ஊற்றும் கிரவுட் கலவை. ஊற்றிய பிறகு உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சிங்கப்பூரின் கட்டுமிடங்களில் இத்தகைய வேலை செய்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் ஏராளம். கணினியில் பிழையற்ற கட்டடத்தின் கடைசிப் பொறுப்பு வெயிலில் நிற்கும் அவர்கள் கையில்தான் வந்து சேர்கிறது. அவர்களுக்கான பயிற்சியைப் பற்றி ரோபோக் கட்டுரைகளில் ஒரு பத்திகூட இருப்பதில்லை என்பது எனக்கு உறுத்தல்.

ரோபோ கட்டுமிடத்துக்கே வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஹில்டி நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய ஜெய்பாட், பிம் தரவைப் படித்துக் கூரையில் துளையிடுகிறது. தோள் வலிக்கும் வேலையை அது எடுத்துக்கொண்டது நல்லதே. துளை சரியாக இருக்கிறதா என்று பிறகும் பார்க்கலாம். இணைப்புக்குள் அப்படிப் பார்க்க முடியாது.

இணைப்பைச் சோதிக்க எளிய வழிகளும் உண்டு. கம்பி இணைப்புக் குழலின் கீழ்த்துளையில் செலுத்திய கிரவுட் மேல்துளையில் வழிய வேண்டும். கணக்குப்படி பத்து லிட்டர் பிடிக்கும் இடைவெளி ஏழில் நிரம்பிவிட்டதாகச் சொன்னால், உள்ளே வெற்றிடம் என்று சந்தேகிக்கலாம். மீயொலிச் சோதனையும் இருக்கிறது. ஊற்றிய அளவு, நேரம், ஒளிப்படம், சோதித்தவர் பெயர் ஆகியவற்றை அந்தந்த இணைப்பின் எண்ணோடு மாதிரியில் ஏற்றலாம். பலகைக்கு எண் கொடுக்கும் மென்பொருளுக்கு இணைப்புக்கும் ஓர் எண் கொடுப்பது பெரிய காரியம் இல்லை.